காலியான எரிவாயு உருளைக்குள் மிஞ்சியிருக்கும் 70 கிராம்

அடுப்பில் சுடர் சிறுத்து அணைந்துவிட்டால் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்கிறோம். சமையலைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் உருளையின் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கியதால் வாயு வெளிவருவது நின்றிருக்கிறதே தவிர, உருளை வெறுமையாகிவிடவில்லை. வீடுகளுக்கு வரும் 14.2 கிலோ உருளையின் கொள்ளளவு 33.3 லிட்டர். அந்த இடம் முழுவதையும் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த ஆவி நிரப்பிக்கொண்டிருக்கும். நம் ஊர் வெப்பநிலையில் அதன் எடை ஏறத்தாழ 70 கிராம். பழைய உருளையை அப்புறப்படுத்துவதில் உள்ள சிக்கல்கள் பெரும்பாலும் இந்த 70 கிராமிலிருந்துதான் தொடங்குகின்றன.

சமையல் எரிவாயு எரிவதற்குக் காற்றோடு ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்திருக்க வேண்டும். காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும் தீப்பற்றாது, 9 விழுக்காட்டுக்கு மிகுந்தாலும் தீப்பற்றாது. ஆகவே முழுவதும் ஆவியால் நிரம்பி, வால்வு மூடியிருக்கும் உருளைக்குள் தீ பரவ வழியே இல்லை. அங்கே எரிபொருள் உண்டு, ஆக்சிஜன் இல்லை. அந்த 70 கிராம் மெல்ல வெளியேறி அதன் இடத்தில் காற்று புகப் புக நிலைமை தலைகீழாகிறது. 33.3 லிட்டர் இடத்தில் 9 விழுக்காடு என்பது சுமார் 6 கிராம் வாயு, 2 விழுக்காடு என்பது ஒன்றரைக் கிராமுக்கும் சற்றுக் குறைவு. இந்த இரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்ட வாயு உள்ளே இருக்கும்வரை உருளை முழுவதும் வெடிக்கத்தக்க கலவைதான். இரண்டு மூன்று கிராம் எஞ்சியிருக்கும் கட்டத்தில் வெடிப்பின் வேகம் உச்சத்தில் இருக்கும். வாயு குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்று நாம் இயல்பாக நினைப்பது இங்கே பொருந்தவில்லை.

வால்வைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்புறத்தில் சில நாள் போட்டுவைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. புரோப்பேன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் ஆவி இரண்டு மடங்கும் கனமானவை. உருளையின் வாய் இருப்பதோ உச்சியில். கனமான ஆவி அடியில் தங்கிவிடுவதால், மேலே உள்ள சிறிய துளை வழியாக அது கலந்து வெளியேறத் துளையின் அளவைப் பொறுத்து நாட்களோ வாரங்களோ ஆகும். அந்தக் காலத்தின் ஒரு பகுதியில் உருளை மேற்சொன்ன வெடிக்கும் வரம்புக்குள் இருந்தே தீரும். எந்த நாளில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

வாசனையை நம்பலாமா என்று கேட்டால், அதுவும் கூடாது. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிவை உணர்த்துவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலக்கிறார்கள். பழைய உருளையின் உட்சுவரில் படிந்திருக்கும் துரு இந்தச் சேர்மத்தை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து மணத்தை மங்கச் செய்துவிடும். வாயு இருந்தும் நாற்றம் இல்லாத நிலை இப்படித்தான் உருவாகிறது.

இதைவிட ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. திரவம் மிச்சமிருக்கும் உருளையை வேகமாகத் திறந்துவிட்டால், திரவம் ஆவியாகத் தேவையான வெப்பத்தை உருளையின் இரும்பிலிருந்தும் தன்னிடமிருந்துமே எடுத்துக்கொள்கிறது. அடிப்பகுதி சில்லிட்டு, வெளியே ஈரம் படிந்து, சில வேளைகளில் உறைபனியும் பூக்கும். புரோப்பேன் −42 டிகிரி செல்சியஸிலும், பியூட்டேன் ஏறத்தாழ பூச்சியத்திலும் கொதிப்பவை. புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிவிடுவதால் கடைசியில் எஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அது பூச்சியத்தை நெருங்கிக் குளிர்ந்தவுடன் சீற்றம் அடங்கிவிடும், உள்ளே திரவம் இருந்தாலும் சத்தம் வராது. அமைதியானதைக் கண்டு காலி என்று முடிவு செய்து வெயிலில் வைத்தால், ஒரு மணி நேரத்தில் அழுத்தம் மீண்டும் ஏறிவிடும்.

இப்போது அந்த உருளையைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டதாக வைத்துக்கொள்வோம். அங்கே அதை வெட்டுவது கட்டிங் மெஷினோ கேஸ் வெட்டுச் சுடரோதான். புரோப்பேன்–காற்றுக் கலவையைப் பற்றவைக்க ஏறத்தாழ கால் மில்லிஜூல் ஆற்றலே போதும்; வெட்டும்போது பறக்கும் பொறிகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. மூடிய இடத்தில் அந்தக் கலவை எரிந்தால் அழுத்தம் எட்டு மடங்கு வரை உயரும். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ அழுத்தத்தில் சோதிக்கப்பட்ட நல்ல உருளை அதைத் தாங்கிவிடக்கூடும். ஆனால் பாதி வெட்டப்பட்ட உருளையின் பிளவு நேரே வெட்டுபவரின் முகத்துக்கும் மார்புக்கும் எதிரே இருக்கிறது, தீ வெளியேற அதைவிட எளிய வழி இல்லை. பழைய சிலிண்டரைக் குறுக்கே வெட்டித் தந்தூரி அடுப்பு செய்வது எப்படி என்று காட்டும் காணொளிகளைப் பார்க்கும்போது, செய்தவர் பிழைத்ததற்குக் காரணம் அறிவு அல்ல, அன்றைய கலவை விகிதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எரிவாயு நிரப்பும் ஆலைகளில் இதே வேலை நடக்கும் முறையின் மையம் தண்ணீர்தான். எஞ்சிய வாயுவை முதலில் முறைப்படி வெளியேற்றி, வால்வைக் கழற்றி, உருளையை விளிம்புவரை தண்ணீரால் நிரப்புகிறார்கள். தண்ணீர் வாயுவை அப்படியே வெளியே தள்ளிவிடுவதால், காற்றும் வாயுவும் கலப்பதற்கு உள்ளே இடமே இருப்பதில்லை; மேலே சொன்ன ஆபத்தான வரம்பைக் கடக்காமலேயே உருளை தூய்மையாகிறது. அதே தண்ணீரை அழுத்திக் கசிவும் வீக்கமும் உண்டா என்றும் பார்க்கிறார்கள். உருளையின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்குமே, அது இந்தச் சோதனைக்கான கெடு. ஏ முதல் டி வரையிலான எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகளையும், இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். பலர் எண்ணுவதுபோல அது காலாவதித் தேதி அல்ல. புதிய உருளைக்குப் பத்து ஆண்டுகளிலும், பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையும் சோதனை செய்யப்படும். தேறாதவற்றையும், துருப்பிடித்து வெற்று எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் இழந்தவற்றையும் மறுபடி நிரப்பக் கூடாது. அவற்றை நசுக்கித் தட்டையாக்கவோ, திரும்பப் பற்றவைத்து உருளையாக்க முடியாதபடி துண்டுகளாக வெட்டவோ வேண்டும் என்று வாயு உருளைகள் விதிகள் கூறுகின்றன.

வீட்டிலிருப்பவர் செய்ய வேண்டியது இதற்கு ஒப்பிட மிகச் சிறியது. இந்தியாவில் எண்ணெய் நிறுவனங்களின் உருளை நமக்கு வைப்புத்தொகையின் பேரில் தரப்பட்டதே தவிர விற்கப்பட்டதல்ல. இணைப்பு ஆவணத்தோடு ஏஜென்சியில் ஒப்படைத்தால் தொகை திரும்பக் கிடைக்கும், உருளையும் ஆலைக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டின் அருமை, அது இல்லாத இடத்தைப் பார்த்தால் விளங்கும். அமெரிக்காவில் முகாம் அடுப்புகளுக்கு விற்கப்படும் ஒரு பவுண்டு புரோப்பேன் உருளைகள் ஒரு முறை பயன்படுத்தி எறிவதற்கென்றே செய்யப்பட்டவை. வாங்கியவர் திருப்பித் தருவதற்கு எந்தத் தூண்டுதலும் இல்லாததால் அவை குப்பையில் சேர்ந்து, குப்பை நசுக்கும் இயந்திரங்களுக்கு ஆபத்தாகின்றன. கலிபோர்னியா 2022-இல் இயற்றிய சட்டத்தின்படி 2028 ஜனவரி முதல் அங்கே அவற்றை விற்க முடியாது.

நம்மிடமும் அப்படித் திரும்பும் வழியற்ற உருளைகள் உண்டு. எந்த நிறுவனத்தின் பெயரும் சோதனைக் குறியீடும் இல்லாமல் கடைகளில் விற்கப்படும் சிறிய சிலிண்டர்களைத்தான் சொல்கிறேன். பெரிய உருளையிலிருந்து கள்ளத்தனமாக நிரப்பப்படும் அவற்றை எந்த ஏஜென்சியும் ஏற்காது, கடைசியில் காயலான் கடைக்கே போகின்றன. விற்ற கடைக்காரரையே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வது அல்லது வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் பெற்ற உருளைச் சோதனை நிலையத்தை அணுகுவது என்ற இரண்டு வழிகளே எனக்குப் பொறுப்பானவையாகத் தெரிகின்றன. அதுவரை உருளையை நிமிர்த்தி, பாதுகாப்பு மூடியைப் பொருத்தி, காற்றோட்டமான திறந்த இடத்தில் நிழலில் வைக்க வேண்டும். கனமான ஆவி தாழ்வான இடங்களில் தேங்கும் என்பதால் நிலவறையும் படிக்கட்டின் அடியும் ஆகாது. கசிவு இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் மின் சுவிட்சு எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்கலாம்.