டெஸ்டர் சரின்னு சொல்லுது, ஆனா பிளக் பாயிண்ட்ல எர்த்தே இல்ல

அமெரிக்கால பழைய வீடு வாங்கினவங்க ஹோம் இன்ஸ்பெக்டர் (வாங்கறதுக்கு முன்னாடி வீட்ட சோதிச்சு ரிப்போர்ட் கொடுக்கறவர்) கையில ஒரு குட்டி பிளக் மாதிரி ஒரு சாமான் இருக்கறத பார்த்திருப்பீங்க, மூணு கால், பின்னாடி மூணு சின்ன லைட்டு, ரெண்டு மஞ்சள் ஒண்ணு சிவப்பு. ஒவ்வொரு ரூமா போய் பிளக் பாயிண்ட்ல சொருகி, ரெண்டு மஞ்சளும் எரிஞ்சா சரின்னு டிக் போட்டுட்டு அடுத்ததுக்கு போயிடுவாங்க. நாங்க கலிஃபோர்னியால ஒரு வீடு பார்த்தோம், 1954ல கட்டினது, எல்லா பாயிண்ட்லயும் ரெண்டு மஞ்சள் லைட்டும் பளிச்சுன்னு எரிஞ்சுது. ஆனா எங்களுக்கு வந்த இன்ஸ்பெக்டர் அதோட விடல, பாக்கெட்ல இருந்து பேனா மாதிரி ஒரு டெஸ்டர எடுத்து ஒரு பெட்ரூம் பாயிண்டோட எர்த் ஓட்டை கிட்ட வச்சார், அது கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது. எர்த் பின்ல 120 வோல்ட்! அன்னிக்குத்தான் இந்த விஷயத்த உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன், படிச்சதுல எது முக்கியம்னு பட்டுதோ அத எழுதறேன்.

முதல்ல அந்த மூணு லைட் டெஸ்டர் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். உள்ள பெரிய மூளை எதுவும் கிடையாது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒரு லைட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒண்ணு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒண்ணு, அவ்வளவுதான் (பேஸ அங்க ஹாட்னு சொல்வாங்க, நான் நம்ம பழக்கத்துக்கே எழுதறேன்). சரியான வயரிங்ல முதல் ரெண்டும் எரியணும், மூணாவது எரியக்கூடாது, ஏன்னா நியூட்ரலும் எர்த்தும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ்ல இருக்கும். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, எந்த ஓட்டைக்கும் எந்த ஓட்டைக்கும் நடுவுல வோல்டேஜ் இருக்குன்னு மட்டும்தான் அதுக்கு தெரியும், அந்த வயர் சுவருக்குள்ள எங்க போகுது, எங்க முடியுதுன்னு அதுக்கு தெரியவே தெரியாது.

இப்ப பழைய வீட்டு கதைக்கு வருவோம். 1950கள்ல கட்டின வீடுங்கள்ல பெரும்பாலும் பாயிண்டுக்கு ரெண்டு வயர்தான் வரும், பேஸும் நியூட்ரலும், எர்த் வயரே இழுத்திருக்க மாட்டாங்க, பிளக் பாயிண்ட்லயும் ரெண்டே ஓட்டை. அமெரிக்கால வயரிங்குக்கு பைபிள் மாதிரி இருக்கறது நேஷனல் எலக்ட்ரிகல் கோட், சுருக்கமா என்இசி, 1897ல முதல்ல வந்தது, இப்ப மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா வருது. அதோட 1962 பதிப்புலதான் வீட்டு 15, 20 ஆம்ப் சர்க்யூட் எல்லாத்துலயும் புதுசா போடற பாயிண்ட் எர்த்தோடதான் இருக்கணும்னு வந்துச்சு. அதுக்கு முன்னாடி கட்டின வீட்டுல ரெண்டு ஓட்டை பாயிண்ட் இருந்தா அது தப்பு இல்ல, கட்டின காலத்து கோட்படி சரியா இருந்தா அப்படியே விட்டுடலாம். பிரச்சனை எப்ப வருதுன்னா, இன்னிக்கு லேப்டாப், மைக்ரோவேவ் எல்லாம் மூணு பின்ல வருது, வீட்ட விக்கறவங்க யாரையாவது கூப்பிட்டு ரெண்டு ஓட்டைய கழட்டிட்டு மூணு ஓட்டை மாட்டுன்னு சொல்லிடுவாங்க. வந்தவர் மாட்டுவார். எர்த் ஸ்க்ரூவுக்கு கொடுக்க வயர் இல்ல, அப்படியே விட்டா டெஸ்டர்ல ஒரு மஞ்சள் எரியாது, இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்ல எழுதிடுவார். அதனால ஒரு துண்டு வயர எடுத்து நியூட்ரல் ஸ்க்ரூல இருந்து எர்த் ஸ்க்ரூவுக்கு ஒரு லூப் அடிச்சுடுவாங்க. இதுக்கு பேரு பூட்லெக் கிரவுண்ட், கள்ள எர்த்துன்னு வச்சுக்கலாம். டெஸ்டர சொருகினா ரெண்டு மஞ்சளும் எரியும். கோட்ல இது தடை.

அதுல என்ன ஆபத்து, பேனல்ல கூட நியூட்ரலும் எர்த்தும் ஒண்ணா தானே சேர்த்திருக்குன்னு கேட்கலாம், நானும் அதத்தான் கேட்டேன். பேனல்ல, அதாவது மெயின் ஸ்விட்ச் இருக்கற இடத்துல, ஒரே ஒரு இடத்துல சேர்க்கறாங்க, அதுக்கப்புறம் ரெண்டும் தனித்தனியாதான் போகணும், சப் பேனல் இருந்தா அதுல கூட பிரிச்சுத்தான் வைக்கணும். காரணம் இதுதான், நியூட்ரல்ல எப்பவும் கரண்ட் ஓடிட்டிருக்கும், எர்த்துல ஏதாவது கோளாறு வந்தா மட்டும்தான் ஓடணும். கள்ள எர்த் அடிச்ச பாயிண்ட்ல நியூட்ரல் வயர் எங்கயாவது ஒரு ஜாயிண்ட்ல விட்டுப்போச்சுன்னு வைங்க. எர்த் லூப் இல்லாத வீடா இருந்தா அதுல சொருகின வாஷிங் மிஷின் நின்னு போகும், அவ்வளவுதான். லூப் இருந்தா பேஸ் மிஷின் மோட்டர் வழியா வந்து, திரும்ப வழி இல்லாம நியூட்ரல் ஸ்க்ரூவுல நின்னு, அந்த லூப் வழியா எர்த் பின்னுக்கு போய் மிஷினோட பாடில 120 வோல்ட் உட்கார்ந்திருக்கும். மிஷின் ஓடாது, ஏன் ஓடலன்னு பார்க்க ஒரு கைய அதுமேலயும் இன்னொரு கைய குழாய் மேலயும் வச்சா முடிஞ்சுது.

எங்களுக்கு வந்தது இன்னும் மோசமான வகை. எழுபது வருஷ பழைய கேபிள்ல துணி சுத்தின இன்சுலேஷன் கருத்துப்போய் எது வெள்ளை எது கருப்புன்னே தெரியாது, அதனால மாட்டினவர் பேஸ நியூட்ரல் பக்கமும் நியூட்ரல பேஸ் பக்கமும் கொடுத்துட்டு, அதுக்கப்புறம் அந்த லூப்பையும் அடிச்சுட்டார். இப்ப நியூட்ரல் ஓட்டைலயும் எர்த் ஓட்டைலயும் பேஸ் இருக்கு, பேஸ் ஓட்டைல நியூட்ரல் இருக்கு. டெஸ்டர சொருகுங்க, பேஸ் நியூட்ரல் நடுவுல 120, எரியுது, பேஸ் எர்த் நடுவுல 120, எரியுது, நியூட்ரல் எர்த் நடுவுல ஒண்ணும் இல்ல, எரியல. எல்லாம் சரின்னு காட்டும். பிரேக்கரும் ட்ரிப் ஆகாது, ஏன்னா அந்த எர்த் வேற எதையும் தொடல. ஆனா இரும்பு பாடி இருக்கற எந்த மூணு பின் சாமான சொருகினாலும் ஸ்விட்ச் போடாமலேயே பாடில கரண்ட். சாதாரண மூணு லைட் டெஸ்டர நம்பி யாரும் இத கண்டுபிடிக்கவே முடியாது, அதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணின விஷயம், அந்த ரூம்ல குழந்தைய படுக்க வைக்கலாம்னு பேசிட்டிருந்தோம்.

பேனா டெஸ்டர் வயர தொடாமலேயே பக்கத்துல ஏசி வோல்டேஜ் இருக்கான்னு உணரும், அதனால எர்த் பக்கம் கத்தினா உடனே தெரிஞ்சுடும். ஆனா பேஸையும் நியூட்ரலையும் மாத்தாம அடிச்ச சாதா லூப்ப அதுவும் பிடிக்காது. அதுக்கு மல்டிமீட்டர் வேணும், அதே பாயிண்ட்ல 1500 வாட் ஹேர் டிரையர ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளக்கணும். 1500 வாட்னா பன்னெண்டரை ஆம்ப், 14 கேஜ் காப்பர் வயர் ஒரு 50 அடி தூரம் வந்திருந்தா நியூட்ரல்ல மட்டும் ஒன்றரை வோல்ட் மாதிரி குறையும், உண்மையான எர்த் வயர்ல கரண்ட் ஓடாது அதனால அந்த ஒன்றரை வோல்ட் மீட்டர்ல தெரியும். பூஜ்யம்னு காட்டினா ரெண்டும் அந்த பாக்ஸுக்குள்ளயே சேர்ந்திருக்கு, கவர கழட்டி பார்த்தே ஆகணும்.

இன்னொரு தப்பான வைத்தியமும் நடக்குது, தோட்டத்துல ஒரு எர்த் ராட அடிச்சு அங்க இருந்து பாயிண்டுக்கு வயர் இழுத்துடறது. ஒரு ராடுக்கு மண்ணோட ரெசிஸ்டன்ஸ் 25 ஓம்னு வச்சாலே 120ஐ 25ஆல வகுத்தா 4.8 ஆம்ப்தான் ஓடும், 15 ஆம்ப் பிரேக்கர் அசையவே அசையாது, பாடி லைவாவே இருக்கும். எர்த் வயரோட வேலை கரண்ட மண்ணுல கொட்டறது இல்ல, பேனல் வரைக்கும் குறுக்கு வழில திரும்பி போய் பிரேக்கர ஒரே அடில விழ வைக்கறது.

சரி, சுவர உடைச்சு புது வயர் இழுக்க காசு இல்லாதவங்க என்ன பண்றது? இங்கதான் என்இசி எனக்கு ரொம்ப பிடிச்சுது, 406.4ங்கற பிரிவுல எர்த் இல்லாத இடத்துல ஜிஎஃப்சிஐ, அதாவது கரண்ட் கசிஞ்சா தானே வெட்டற பாயிண்ட் போட்டுக்கலாம்னு சொல்லுது. ஊர்ல ஆர்சிசிபின்னு சொல்றோமே அதே தத்துவம்தான். பேஸும் நியூட்ரலும் ஒரு வளையத்துக்குள்ள போகும், போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா இருந்தா வளையத்துல ஒண்ணும் நடக்காது, கொஞ்சம் உங்க உடம்பு வழியா வேற பக்கம் போச்சுன்னா வித்தியாசம் தெரிஞ்சு வெட்டிடும். ஊர்ல வீட்டுக்கு போடறது பெரும்பாலும் 30 மில்லி ஆம்ப், இது 4ல இருந்து 6 மில்லி ஆம்ப்லயே விழுந்துடும். பெர்க்லி பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல் 1961ல கண்டுபிடிச்சது. கரண்ட் பிடிச்ச கைய நம்மளே விட முடியற எல்லை எவ்வளவுன்னு அவர் ஆளுங்கள வச்சு அளந்து பார்த்தார், கிட்டத்தட்ட எல்லாரும் விட முடியற அளவுன்னு அவர் வச்சது ஆம்பளைங்களுக்கு 9 மில்லி ஆம்ப், பொம்பளைங்களுக்கு 6. இதுக்கு எர்த் வயரே தேவையில்ல பாருங்க, ரெண்டு வயர ஒப்பிட்டு பார்க்கறது மட்டும்தான் வேலை. கோட் கேக்கறது, அந்த பாயிண்ட் மேல எர்த் இல்லன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும்.

ஒரு குழப்பம் மட்டும் வரும். இன்ஸ்பெக்டரோட டெஸ்டர்லயும் ஜிஎஃப்சிஐ பட்டன் இருக்கும், அது பேஸ்ல இருந்து எர்த்துக்கு கொஞ்சம் கரண்ட கசிய விட்டு சோதிக்கும், எர்த்தே இல்லன்னா கசிய வழி இல்ல, ட்ரிப் ஆகாது. உடனே பாயிண்ட் கெட்டுப்போச்சுன்னு எழுதிடக்கூடாது, பாயிண்ட்லயே இருக்கற டெஸ்ட் பட்டன அமுக்கணும், அது உள்ளுக்குள்ளயே வளையத்த சுத்தி கொஞ்சம் கரண்ட விடும், அதுல விழுந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்.

இத யார் செய்யலாம்ங்கறது அடுத்த கேள்வி, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். என்இசி தானா சட்டம் ஆகாது, மாநிலமோ ஊரோ ஏத்துக்கணும், கலிஃபோர்னியாவோட 2022 கோட் என்இசி 2020 மேல கட்டினது. ஹோம் இன்ஸ்பெக்டருக்கு டெக்சஸ்ல லைசென்ஸ் வேணும், கலிஃபோர்னியால அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது, அதனால ஆள நல்லா விசாரிச்சுத்தான் கூப்பிடணும். ஆனா தான் ரிப்போர்ட் கொடுத்த வீட்டுல 12 மாசத்துக்கு காசு வாங்கி ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு கலிஃபோர்னியா சட்டம் இருக்கு, ரொம்ப நியாயமான சட்டம், இல்லன்னா வேலை பிடிக்கறதுக்காகவே குறை எழுதுவாங்க. அவர் சுவர உடைச்சும் பார்க்க மாட்டார், கண்ணுக்கு தெரியறது மட்டும்தான். சுவர் மூடறதுக்கு முன்னாடி வயரிங்க பார்க்கறது பெர்மிட் எடுத்தா வர்ற சிட்டி இன்ஸ்பெக்டர், அவர் வேற, இவர் வேற. எலக்ட்ரிகல் கான்ட்ராக்டருக்கு சி-10னு தனி லைசென்ஸ், நாலு வருஷ அனுபவம் காட்டணும், 25,000 டாலர் பாண்ட் வைக்கணும். 2025ல இருந்து 1,000 டாலருக்கு கீழ, பெர்மிட் தேவைப்படாத, ஆள் வச்சுக்காம செய்யற வேலைக்கு லைசென்ஸ் இல்லாமலும் செய்யலாம், முன்னாடி அது 500ஆ இருந்துச்சு. பிளக் பாயிண்ட் மாத்தறது இந்த சந்துக்குள்ள அழகா நுழைஞ்சுடும், அந்த லூப் எல்லாம் அப்படித்தான் சுவருக்குள்ள போகுதுன்னு நான் நினைக்கறேன்.

நாங்க வீட்ட வாங்கினோம், விலைல கொஞ்சம் குறைச்சாங்க. சி-10 லைசென்ஸ் இருக்கறவர் வந்து எல்லா கவரையும் கழட்டினார், பதினோரு பாயிண்ட்ல லூப் இருந்துச்சு, ரெண்டுல பேஸ் மாறி இருந்துச்சு. கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் புது வயர் எர்த்தோட இழுத்தார், மத்த ரூமுக்கு லூப்ப எல்லாம் வெட்டிட்டு ஜிஎஃப்சிஐ. ஸ்டிக்கர் அசிங்கமா இருக்குன்னு அம்மா பிய்க்க போனாங்க, இதுல எர்த் இல்லன்னு அடுத்து வர்றவங்களுக்கு இது மட்டும்தாம்மா சொல்லும்னு சொன்னதும் விட்டுட்டாங்க, இப்ப தூசி தட்டும்போது கூட அது மேல துணி படாம துடைக்கறாங்க.