சோதனையில் சிக்கும் பிழை மேலாளருக்கு என்ன சொல்கிறது?

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் தன் கருத்துகளை அறிக்கைக்குப் பின்னிணைப்பாகத் தனியே எழுதினார். நாசா நிர்வாகத்தை அதில் கடுமையாகவே விமர்சித்தார். ஆனால் விண்கலத்தின் மென்பொருளைச் சோதிக்கும் முறையை மட்டும் மனதாரப் பாராட்டினார். அந்த முறை எப்படி நடந்தது என்பது, மென்பொருள் குழுவை நடத்துகிற எவருக்கும் இன்றும் பயன்படும்.

விண்கலத்தின் மென்பொருளில் இருந்தது சுமார் 2,50,000 வரி நிரல், அதாவது கணினிக்கான கட்டளைகள். விண்கலம் மேலே ஏறும்போது நான்கு கணினிகள் ஒரே நிரலை ஒரே நேரத்தில் ஓட்டும். ஒன்று பழுதானால் மற்றவை சமாளிக்கும். ஆனால் நிரலிலேயே பிழை இருந்தால்? நான்கிலும் அதே பிழைதான் இருக்கும். அதனால் நிரலைக் கடுமையாகச் சோதித்தே ஆக வேண்டும்.

எழுதிய குழு முதலில் ஒவ்வொரு புது வரியையும், அப்புறம் ஒவ்வொரு பகுதியையும், கடைசியில் முழு அமைப்பையும் தானே சரிபார்க்கும். அதன் பிறகு நிரல் இன்னொரு குழுவின் கைக்குப் போகும். அந்தக் குழு எழுதியவர்களோடு சேராத தனிக் குழு. காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளரைப் போல, குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்து சோதிக்கும்.

இந்தக் கட்டத்தில் ஒரு பிழை சிக்கினால் ‘நல்லவேளை, பிடித்துவிட்டோம்’ என்று யாரும் ஆறுதல் அடைவதில்லை. மிகத் தீவிரமான விஷயமாக அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதற்காக, வேகாத அந்தப் பருக்கையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் பானையை இறக்கிவிட மாட்டோம் அல்லவா? அதேதான். சோதனையில் கிடைத்த பிழை, வேலை நடக்கும் விதத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று காட்டுகிறது. பிழை எப்படி உள்ளே வந்தது, எழுதிய குழுவின் சரிபார்ப்பில் ஏன் தப்பியது, இதே மாதிரி வேறு எங்கே இருக்கும் என்று தேடிப் போனார்கள். இப்படி எதிர்பாராத பிழைகள் அந்தக் கட்டத்தில் மொத்தமே சுமார் ஆறு முறைதான் வந்தன என்று ஃபைன்மன் குறிப்பிடுகிறார்.

ஒரு மேலாளருக்குச் சோதனை எதற்கு என்பதற்கு என் பதில் இதுதான்: குழு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குச் சொல்லும் நம்பகமான தகவல் இது. அதனால்தான், பிழைகளின் எண்ணிக்கையை வைத்து, நிரல் எழுதும் டெவலப்பருக்கும் அதைச் சோதிக்கும் டெஸ்டருக்கும் மதிப்பெண் போடும் வழக்கம் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. மதிப்பெண்ணுக்குப் பயந்தால் ஒருவர் பிழையை மறைப்பார், இன்னொருவர் சில்லறைப் பிழைகளாகப் பார்த்துக் குவிப்பார். மேலாளர் கையில் இருந்த ஒரே நல்ல தகவலும் கெட்டுப்போகும்.

எல்லாம் நன்றாகப் போகும்போது சோதனைக்குத்தான் முதலில் ஆபத்து வரும். பிழையே வருவதில்லையே, இவ்வளவு செலவு எதற்கு என்று நாசாவிலும் பேச்சு எழுந்தது. இதை எதிர்த்தே ஆக வேண்டும் என்று எழுதினார் ஃபைன்மன். ஒரு மூலையில் செய்யும் சின்ன மாற்றம்கூட வேறெங்கோ போய்த் தாக்கும். பணம் மிச்சமாக வேண்டுமென்றால் கேட்கப்படும் மாற்றங்களைக் குறையுங்கள், சோதனையின் தரத்தைக் குறைக்காதீர்கள் என்பது அவர் வாதம்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து கிளம்பிய ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் சுமார் 40 வினாடிகளில் அழிந்தது. திசையையும் வேகத்தையும் அளக்கும் கருவியின் மென்பொருள் அதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-இலிருந்து அப்படியே வந்தது. ஏரியன் 5-இன் கிடைமட்ட வேகம் பழையதைவிட மிக விரைவாகக் கூடும். அதைச் சார்ந்த ஒரு எண், 32,767-க்கு மேல் கொள்ளாத 16 பிட் இடத்தில் அடங்காமல் போனது. கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல். அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது.

இதில் என்னை உறுத்துவது நிரலைவிட அதற்கு முன் எடுத்த முடிவுகள்தான். புது ராக்கெட்டின் பாதை விவரங்களைக் கருவியின் தேவைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்ட தரப்புகள் பேசி ஒப்புக்கொண்டிருந்தன. முழு அமைப்பைத் தரையில் சோதித்தபோதும் உண்மையான கருவியை வைக்கவில்லை. அதுதான் ஏற்கெனவே தேறியதாயிற்றே என்று, அதைப் போல நடிக்கும் மென்பொருளை வைத்தார்கள். விபத்துக்குப் பிறகு, ராக்கெட் உண்மையில் பறந்த பாதையின் விவரங்களைக் கொடுத்து அந்தக் கருவியின் மென்பொருளைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். கருவி நின்றுபோகும் வரை வானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை அங்கே அப்படியே நடந்தன.