யாருக்காக எழுதிய டயட் சார்ட் அது?

போன மாதம் என்னிடம் ஆலோசனைக்கு வந்த தம்பிக்கு வயது 23, எடை 68 கிலோ. ஜவுளிக்கடையில் வேலை, விடிகாலையில் ஜிம். தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, நான்கு நாளாக மலச்சிக்கல். சட்டைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து வைத்தார், மாஸ்டர் கொடுத்த டயட் சார்ட். இருபது முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த சிக்கன், எட்டு லிட்டர் தண்ணீர். சோறு கூடாது, உப்பு கூடவே கூடாது. அவர் பார்க்கும் வீடியோ ஒன்றில், மஞ்சள் கருவோடு எட்டு முட்டையும் நெய்யும் சாப்பிடச் சொல்கிறார்கள். வீட்டில் அம்மாவோ, "புரோட்டீன் சாப்பிட்டா கிட்னி போயிடும்டா" என்கிறார்.

"இதுல எது மேடம் சரி?"

உணவு ஆலோசகராக நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஒவ்வொரு அறிவுரையும் எங்கோ, யாருக்கோ, ஏதோ ஒரு கட்டத்தில் பொருந்தியதுதான். யாருக்கு, எப்போது என்பதை விட்டுவிட்டுத்தான் அது ஜிம் ஜிம்மாகச் சுற்றுகிறது.

முதலில் உப்பு, ஏனென்றால் அதுதான் அவசரம். ஆணழகன் போட்டிக்குக் கடைசி சில நாட்களில், தோல் ஒட்டிப்போய் தசைக்கோடுகள் தெரிய வேண்டும் என்று சிலர் உப்பையும் தண்ணீரையும் இஷ்டத்துக்கு மாற்றுவார்கள். போட்டியாளர்களுக்கே அது ஆபத்தான விளையாட்டு. கொழுப்பே இல்லாத உடம்புக்குப் பேர்போன ஆஸ்திரிய வீரர் ஆண்ட்ரியாஸ் மூன்ட்சர் 1996-ல் உறுப்புகள் செயலிழந்து இறந்தபோது அவருக்கு வயது 31. ஸ்டீராய்டும், உடம்பு நீரை வெளியேற்றும் மருந்துகளும் அந்த மரணத்தோடு சேர்த்தே பேசப்படுகின்றன. மேடையே ஏறாத ஒரு பையன், நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டிவிட்டு உப்பில்லாமல் எட்டு லிட்டர் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைசுற்றலில் தொடங்குவது வலிப்பு வரைக்கும் போகலாம். அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சோடியம் குறைந்துதான் இருந்தது. நல்லவேளையாக மருத்துவர் கவனிப்பில் சீக்கிரம் சரியானது.

அடுத்து புரதம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 2024 வழிகாட்டியில், உடம்பை ஏற்ற புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றும் சொன்னது. எடைப்பயிற்சி செய்பவர்கள் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-ல் வந்த ஓர் அலசலோ, கிலோவுக்கு 1.6 கிராம் வரை தசை வளர்ச்சிக்குப் பலன் உண்டு, அதற்குமேல் பெரிதாக இல்லை என்றது. இதில் முரண்பாடு இல்லை. முதல் அளவு எல்லோருக்குமானது, இரண்டாவது பாரம் தூக்குபவருக்கானது. இந்தத் தம்பிக்கு 109 கிராம் போதும். நான்கு முழு முட்டையில் 24, 150 கிராம் சிக்கனில் 34, 50 கிராம் சோயா உருண்டையில் (மீல் மேக்கர்) 26, அரை லிட்டர் பாலில் 16, மீதி சோறு, சாம்பார், சுண்டலில் வந்துவிடும். முட்டைப் புரதத்தில் ஏறக்குறைய பாதி மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. அதைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பவுடருக்குக் கடன் வாங்குகிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு இந்த அளவு கெடுதல் செய்வதாக ஆதாரம் இல்லை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மட்டும் பரிசோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பயிற்சியில் பலம் கூட கிரியேட்டின் என்ற பவுடரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினினை அது கொஞ்சம் ஏற்றிக்காட்டும். விஷயம் தெரியாமல் ரிப்போர்ட்டைப் பார்த்தால் சிறுநீரகமே கெட்டுவிட்டதோ என்று தோன்றும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம், உடம்பை ஏற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசி. 1996-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பத்து வாரம் வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சுமார் 3 கிலோ கூடியது. ஊசி இல்லாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு சுமார் 2 கிலோதான். இரண்டும் செய்தவர்களுக்கு 6. இதைப் படித்த பிறகுதான் எனக்குப் பல புதிர்கள் விடுபட்டன. ஊசி போடுபவர் எந்த டயட்டைப் பின்பற்றினாலும், ஒரு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுப் பயிற்சி) அடித்தாலும் இருபது அடித்தாலும் உடம்பு ஏறும். அவர் தன் டயட்டால்தான் ஏறியது என்று மனதார நம்பிச் சொல்வார். கேட்பவருக்கு விந்தணு குறைவதும், நல்ல கொழுப்பு இறங்குவதும், நிறுத்தியபின் மாதக்கணக்கில் சோர்ந்து கிடப்பதும் தெரியாது.

செட் எத்தனை என்ற சண்டைக்கு ஐம்பது வயது. ஆர்னால்டு காலத்தில் மணிக்கணக்கில் பயிற்சி, அமெரிக்க ஆணழகன் மைக் மென்ட்சர் வழியில் சில செட்டுகளே, ஆனால் துளிச் சக்தி மிச்சமில்லாமல். ஒரு தசைக்கு வாரம் பத்து செட் என்று தொடங்கி, உறக்கத்தையும் முன்னேற்றத்தையும் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள் என்பேன்.

மூன்று வாரம் கழித்துத் தம்பி வந்தார். தலைசுற்றல் இல்லை, மதியம் சோறு சாப்பிடுகிறார். இந்தச் சார்ட் யாருக்காக எழுதியது என்று மாஸ்டரிடம் கேட்டு வரச் சொல்லியிருந்தேன். மாஸ்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். தன் கடைசிப் போட்டிக்கு முந்தின வாரம், தனக்கென்று எழுதிக்கொண்டது என்றாராம்.