கன்று நடும் முன் வாய்க்கால் வெட்டுங்கள்

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூலை 26, உலக அலையாத்தி (மாங்குரோவ்) நாளன்று, அவருடைய மாணவர்கள் கழிமுகத்தை ஒட்டிய ஒரு பொட்டலில் ஐந்நூறு அலையாத்திக் கன்றுகள் நட்டார்களாம். மறு ஆண்டு போய்ப் பார்த்தால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "கன்றெல்லாம் நல்ல கன்றுதான். பிள்ளைகளும் பொறுப்பாகத்தான் நட்டார்கள். அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஐந்நூறு கன்றுகளைப் பற்றிய கேள்விதான். ஆனால் நம் அரசுகளின் காலநிலைத் திட்டங்களில் ஒரு பெரும் பங்கு இதே கேள்வியின் மேல்தான் நிற்கிறது. 2030-க்குள் காடுகள், மரங்கள் மூலமாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கார்பனைக் கூடுதலாகச் சேமித்து வைப்போம் என்று பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா வாக்குக் கொடுத்திருக்கிறது. 2023-24 மத்திய பட்ஜெட்டில் அலையாத்திக்கென்றே 'மிஷ்டி' திட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர் அதன் இலக்கு. தமிழ்நாட்டிலும் பசுமை இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் என்று அடுத்தடுத்துத் தொடங்கினார்கள். எல்லாம் வரவேற்க வேண்டியவையே. இவற்றின் வெற்றியை எதை வைத்து அளக்கிறோம் என்பதுதான் என் கவலை. செய்திக்குறிப்பில் வருவது நட்ட கன்றுகளின் எண்ணிக்கை. அலையாத்திக் காட்டில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எப்படி வந்து போகிறது என்பதை.

இதற்கு நம்மிடமே அருமையான பாடம் இருக்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரத்தை இன்று பார்க்க வேண்டுமென்றால் இந்தக் காட்டுக்குத்தான் போக வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இங்கே ஒரு வழக்கம் இருந்தது. காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒரு கூறை மொத்தமாக வெட்டி விற்றுவிட்டு அடுத்த கூறுக்குப் போவார்கள். வெட்டிய இடம் தானாகத் துளிர்த்துவிடும் என்பது கணக்கு. அது பலிக்கவில்லை. வெட்டிய கூறுகள் பொட்டலாகவே கிடந்தன. ஊர்க்காரர்கள் மாடு மேய்ப்பதும் விறகு ஒடிப்பதும்தான் காரணம் என்று வெகுகாலம் பழி அவர்கள் மேல் கிடந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணை அளந்து பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது.

மரம் நிற்கும்வரை சேறு நிழலிலும் ஈரத்திலும் கிடக்கிறது. வேர்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. மரத்தை வெட்டியதும் வெயில் நேரே களிமண்ணில் விழுகிறது. ஈரம் வற்றி மண் சுருங்குகிறது, உள்ளே இருந்த வேர்கள் மக்கிப் போகின்றன, தரை மெல்ல அமிழ்கிறது. நடுவில் பள்ளம், ஓரத்தில் மேடு: ஒரு தாம்பாளம் மாதிரி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருகும்போது தண்ணீர் ஓரத்து மேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடும். திரும்பிப் போக வழி கிடையாது. அடுத்த பெருக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம். அதுவரை வெயில் சும்மா இருக்குமா?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. பாதித் தண்ணீர் ஆவியானால் மிச்சத்தில் அதே உப்பு இரண்டு மடங்கு செறிவு. அடுத்த பெருக்கு இன்னும் உப்பைக் கொண்டுவந்து இறக்கும். வேதாரண்யத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடல்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் காயவிடுவதற்குப் பெயர் உப்பளம். பிச்சாவரத்தில் காட்டின் தரையே யாரும் நினைக்காமல் உப்பளமாகிவிட்டது. அலையாத்தி உப்பில் வாழும் மரம்தான். வெண்கண்டல் இலையைத் திருப்பி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்; உள்ளே வந்த உப்பை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மண்ணின் உப்பு அந்த எல்லையைத் தாண்டினால், மாவடுவிலிருந்து உப்பு நீரை இழுப்பது போல வேரிலிருந்தும் இழுத்துவிடும். அந்த மண்ணில் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் கதை ஒன்றுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். உப்பளத்துக்கு வரப்பு எவ்வளவு முக்கியமோ அவ்வளவுக்குக் காட்டுக்கு அந்த வரப்பு உடைபட வேண்டும். காட்டுக்குள் இயற்கையாக ஓடும் ஓடையிலிருந்து பள்ளத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் வெட்டினார்கள். அதன் இரு பக்கமும் வரிசையாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் அப்படியே தெரியும், பெயரும் மீன்முள் வாய்க்கால்தான். ஒரே ஒரு வாய்க்கால் போதாதா என்று கேட்கலாம். களிமண் மிக நுண்ணியது, அதற்குள் தண்ணீர் பக்கவாட்டில் ஊர்வது ஆமை வேகத்தில்தான். வாய்க்காலை ஒட்டிய கொஞ்ச தூரம்தான் கழுவப்படும். ஆகவே முட்கள் நெருக்கமாக வேண்டும். கிளைகள் நடு வாய்க்காலை நேர்குத்தாக முட்டாமல் சாய்வாகச் சேர்கின்றன. வற்றும்போது தண்ணீர் முட்டி மோதாமல் இழைந்து ஓடும், வண்டலும் கூடவே போகும்.

ஒரு வற்றத்தின்போது கரையில் நின்று பார்த்தால் வேலை நடப்பது கண்ணுக்கே தெரியும். வாய்க்காலில் மட்டம் இறங்க இறங்க, இரு கரைச் சேற்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்து இறங்கும். அதுதான் மண்ணுக்குள் சிறைப்பட்டிருந்த உப்புத் தண்ணீர். அடுத்த ஏற்றத்தில் அதன் இடத்தில் சாதாரணக் கடல்நீர் ஊறும். இப்படி ஒவ்வோர் ஏற்றமும் வற்றமும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைச் சுமந்து போகின்றன. மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம், நிலாவும் சூரியனும் இழுக்கிற இழுப்பே போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்தால் உப்பு இன்னும் இறங்கும். ஆனால் எல்லாமே மட்டத்தில் இருக்கிறது. நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. வாய்க்கால் மேடாகிப் போனால் தண்ணீர் ஏறாது, அதிகம் தோண்டினால் வடியாது. கன்றையும் வாய்க்கால் சரிவில், ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் காற்றுப் படும் இடத்தில் நட வேண்டும். கரையில் நின்று ஓதம், அதாவது கடலின் ஏற்ற வற்றம், பார்த்தே வளர்ந்த மீனவர்களுக்கு இந்த மட்டம் கண்ணளவிலேயே தெரியும். வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமக் குழுக்களும் சேர்ந்து செய்ததால்தான் இது கைகூடியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1980களின் பிற்பாதியிலிருந்து 2002 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது.

கார்பனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அலையாத்தி சேர்த்து வைக்கும் கார்பனில் பெரும்பகுதி சேற்றுக்குள் இருக்கிறது. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் உதிர்ந்த இலையும் வேரும் மக்குவது வெகு தாமதம். நன்னீர்ச் சதுப்பில் இதே நிலைமையில் நுண்ணுயிர்கள் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை நிறைய வெளிவிடும். கடல்நீரில் உள்ள சல்பேட் இங்கே குறுக்கே வந்து வேறு வகை நுண்ணுயிர்களுக்குக் கை கொடுப்பதால் மீத்தேன் குறைவு. காட்டுக்குள் காலை வைத்ததும் வரும் அழுகிய முட்டை வாடை அந்த நுண்ணுயிர்களுடையதுதான். காட்டை வெட்டிக் காயப்போட்டால் சேற்றுக்குள் ஆக்சிஜன் புகுந்து, வெகுகாலம் சேர்த்து வைத்ததெல்லாம் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும்.

2004 சுனாமியில் பிச்சாவரத்துக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்று மறு ஆண்டு சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமும்தான் காப்பாற்றின என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த விவாதம் நியாயமானது. ஆனால் சுனாமிக்குப் பிறகு ஓதம் பார்க்காமல் அவசர அவசரமாக நட்டுத் தீர்த்தது நியாயமில்லை. இலங்கையில் 23 இடங்களில் நடந்த அலையாத்தி நடவுகளைப் பின்னர் ஆராய்ந்ததில், 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்று மூன்றே இடங்கள்.

கொள்கை எழுதுகிறவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. வாய்க்கால் தூர்ந்து போகும், அது வண்டலின் குணம். மூன்றாண்டுத் திட்டம் முடிந்து பலகை மட்டும் நிற்கிற இடத்தில் வாய்க்காலை யார் தூர்வாருவார்கள்? பராமரிப்புக்கும், மட்டமும் உப்பும் அளக்கிற ஆராய்ச்சியாளர்களுக்கும் தொடர்ந்து காசு ஒதுக்குங்கள். ஒரு சொட்டுச் சேற்றுநீரை வைத்து உப்பைச் சொல்லும் சின்னக் கருவி ஒரு கையில் அடங்கும், அதை வாங்கக் கூட்டம் போட வேண்டியதில்லை. அடுத்தது, கொள்ளிடத்தில் கடலுக்குப் போகும் தண்ணீரை வீண் என்று எழுதுவதை நிறுத்துங்கள். அந்த நன்னீர்தான் இந்தக் காட்டின் உப்பை இறக்குகிறது. காவிரி நீர்க் கணக்கில் கழிமுகத்துக்கும் ஒரு பங்கு வேண்டும்.

ஆசிரியைக்கு: அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே பொட்டலுக்குப் போங்கள். ஓதம் ஏறும்போது எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்று குச்சி நட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். வற்றியபின் எங்கே குட்டை தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். நான்கு நாள் கழித்து மறுபடி போங்கள். குட்டை நின்ற இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால், அந்த மண்ணை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போய், கன்று கேட்காதீர்கள், வாய்க்கால் கேளுங்கள்.