வாயில்லாமல் வைக்கோலைத் தின்னும் காளான்

சிப்பிக் காளான் வளர்க்கும் குடிலில் பாலித்தீன் பைகள் உறி போல வரிசையாகத் தொங்கும். உள்ளே வைக்கோலும் காளான் வித்தும்தான். 15, 20 நாளில் பை முழுக்க வெள்ளைப் பஞ்சு படர்ந்துவிடும். காளானின் உடம்பே அந்தப் பஞ்சுதான்; அப்புறம் வெளியே விரியும், நாம் குழம்பு வைக்கும் பகுதி, மரத்துக்குக் காய் மாதிரி.

சோற்றின் மாவுச்சத்து, வைக்கோலின் செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸைக் கோத்த சங்கிலிகள். கோத்த விதம்தான் வேறு. செல்லுலோஸை அவிழ்க்கும் நொதி நமக்குக் கிடையாது. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. காளானிடம் நொதி உண்டு, வயிறு இல்லை. அதனால் செரிமானத்தை உடம்புக்கு வெளியே நடத்துகிறது.

தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூடப் பருமன் இல்லாத இழைகள் வைக்கோலுக்குள் நுழைந்து, நுனியில் நொதிகளைக் கசியவிடுகின்றன. செல்லுலோஸைச் சுற்றிப் பூச்சு போல இறுகியிருக்கும் லிக்னினை லாக்கேஸ் போன்ற நொதிகள் ஆக்சிஜன் துணையோடு உடைக்கும். பையில் துளை போடுவதால் அந்தக் காற்று கிடைக்கிறது. செல்லுலேஸ் நொதிகள் சங்கிலியை நறுக்க, கடைசியில் மிஞ்சும் குளுக்கோஸ் ஈரத்தில் கரைந்து இழைக்குள் போகிறது. வைக்கோல் காய்ந்தால் எல்லாம் நின்றுவிடும்.

வெளியே கரைத்து வைத்த சர்க்கரையைப் பக்கத்தில் இருக்கும் எவரும் உறிஞ்சிக்கொள்ளலாம். பச்சைப் பூசணமான டிரைக்கோடெர்மா முந்திக்கொண்டால் அந்தப் பையே வீண். வைக்கோலை வேகவைத்து ஆறவிட்டு வித்துப் போடுவது இந்தப் போட்டியைத் தவிர்க்கத்தான்.

சரி, சர்க்கரை கிடைத்தது, புரதத்துக்கு நைட்ரஜன்? வைக்கோலிலும் பட்ட மரத்திலும் அது மிகக் குறைவு. இதற்குச் சிப்பிக் காளான் கண்டுபிடித்திருக்கும் வழிதான் என்னை அசரவைக்கிறது. அதன் இழைகளில் லாலிபாப் வடிவ நுண்ணிய உருண்டைகள் உண்டு. உள்ளே 3-ஆக்டனோன் என்ற நச்சு. மேலே ஊரும் நூற்புழு, அதாவது நூல் போன்ற நுண்ணிய புழு, அதில் பட்டதும் முடங்கிவிடும். இழை அதன் வாய்வழியே புகுந்து, உள்ளிருந்தே கரைத்து உறிஞ்சும்.

வயலிலும் இதே நைட்ரஜன் பஞ்சம்தான். வைக்கோலை மடக்கி உழுத கையோடு நட்டால் பயிர் சில வாரம் வெளிறி நிற்கும். வைக்கோலைக் கரைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை முதலில் எடுத்துக்கொள்கின்றன. அவை மடிந்த பிறகே பயிருக்கு அது திரும்ப வரும்.