பிரேக் மிதித்தால் கரண்ட்

அண்ணா சாலையில் போகிற ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுநரின் வலது காலை மட்டும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டர், பிரேக், மறுபடி ஆக்சிலரேட்டர், மறுபடி பிரேக். டீசல் வீணாவது அந்தக் காலடியில்தான்.

பயணிகளோடு சேர்த்து 15 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அந்த ஓட்டத்துக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் கால் யூனிட் மின்சாரம். 9 வாட் எல்இடி பல்பு ஒரு நாளைக்கு மேல் எரியும். பிரேக் மிதித்ததும் அவ்வளவும் பிரேக் டிரம்மில் சூடாகிக் காற்றில் போய்விடும். அடுத்த நிறுத்தத்துக்குப் போக மறுபடி டீசல் எரித்து அதே கால் யூனிட்டைச் சேர்க்க வேண்டும். நடுவில் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சும்மா உறுமிக் குடிப்பது தனிக் கணக்கு.

மின்பேருந்தின் சாமர்த்தியம் இந்த இடத்தில் இருக்கிறது. பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் சாய்த்ததும் விளக்கு எரியும்; கூடவே பெடல் கனத்துப் போகும். அந்தக் கனம்தான் பிரேக். மோட்டாரும் டைனமோவும் அடிப்படையில் ஒரே சாதனம்: கரண்ட் கொடுத்தால் சுழலும், சுழற்றிவிட்டால் கரண்ட் தரும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை லேசாக மிதித்தாலோ, சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிறது. வண்டி வேகம் குறைகிறது. ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்று இதற்குப் பெயர்.

முழுசாகத் திரும்பி வராது. மோட்டார், பேட்டரி, இடையிலுள்ள மின்னணுச் சுற்று என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கடைசி சில அடிகளில் மோட்டார் மெதுவாகச் சுழல்வதால் சாதாரண பிரேக்தான் வண்டியை நிறுத்தும். திடீரென்று ஆட்டோ குறுக்கே வந்து ஓங்கி மிதித்தாலும் அதே கதிதான். தூரத்திலேயே சிவப்பு சிக்னலைப் பார்த்துக் காலை எடுக்கும் ஓட்டுநருக்கும், கிட்டே போய் மிதிப்பவருக்கும் ஒரே வண்டியில் வேறு வேறு மைலேஜ் கிடைக்கும்.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நகர நெரிசலில் அதை வைத்து நாலைந்து கிலோமீட்டர் போனால் அதிகம், அதாவது கிலோமீட்டருக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல். மின்பேருந்துக்கு ஒன்று, ஒன்றேகால் போதும். ஏசி போட்டால் கூடும். சென்னை வெயிலில் நன்றாகவே கூடும்.

சரி, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. அனல்மின் நிலையத்திலும் நிலக்கரியின் ஆற்றலில் பாதிக்கு மேல் சூடாகப் போய்விடுவதால், மேலே போட்ட கணக்கு அவ்வளவு அழகாக நிற்காது. அதற்காக டீசலே மேல் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. புகை நிறுத்தத்தில் நிற்பவர் முகத்தில் அடிப்பதில்லை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட, பழைய மின்பேருந்தே தானாகச் சுத்தமாகிக்கொண்டு போகும். டீசல் வண்டிக்கு அந்த வழியில்லை.

சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000க்கு மேற்பட்ட பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் கிளம்பின.

ஒரு விநோதமும் உண்டு. இரவெல்லாம் சார்ஜ் ஏறி, பேட்டரி நூறு சதவீதம் நிரம்பிய வண்டி விடியற்காலையில் பணிமனையை விட்டு வெளியே வரும்போது, முதல் சில நிறுத்தங்களில் பிரேக் போட்டுக் கிடைக்கும் கரண்டை வைக்க அதில் இடமிருக்காது.