போனை அழித்தால் கணக்குத் திறக்காது

சித்திரை வருடப்பிறப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆரையம்பதியிலிருந்து ஒரு தையற்கார அக்கா மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் என் போன் திருத்தும் கடைக்கு வந்தார். போனை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இது என்னுடைய போன்தான். ஆனால் என்னை நம்பமாட்டேன் என்கிறது" என்றார். எடுத்துப் பார்த்தேன். முன்பு இந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கை உள்ளிடு என்று கேட்டபடி திரை நின்றது. யாரோ போனை முழுதாக அழித்து ரீசெட் செய்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லாமலே விளங்கிவிட்டது. இதே கதையோடு அந்த மாதம் வந்த நான்காவது ஆள் அவர்.

நடந்தது இவ்வளவுதான். கட்டாரில் இருக்கும் மகளுக்கு ஜனவரியில் ஓர் எச்சரிக்கை போயிருக்கிறது: அம்மாவின் கணக்கில் வேறு யாரோ நுழையப் பார்க்கிறார்கள் என்று. மகள் உடனே கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். மிகச் சரியான வேலை. ஆனால் புதிய கடவுச்சொல்லை அம்மாவின் போனில் போட்டுவிட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து போன் தினமும் ஒரு சிறிய அறிவித்தலைக் காட்டிக்கொண்டிருந்தது. கணக்கைக் கவனியுங்கள், மீண்டும் உள்நுழையுங்கள் என்று. அக்கா தினமும் அதை விரலால் தள்ளிவிட்டார். புதிய படங்கள் கூகுளுக்குப் போவது நின்றது. சேமித்த இலக்கங்கள் போவது நின்றது. மார்ச் மாதம் ஒரு செயலியை இறக்க முடியாமல் போனபோது, உயர்தரம் படிக்கும் மருமகன் ஏதோ வீடியோவைப் பார்த்து, பவர் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டான்.

தேவைப்பட்டது புதிய கடவுச்சொல்லை ஒருமுறை தட்டச்சு செய்வது. ஒரு நிமிட வேலை.

போனது என்ன தெரியுமா? முந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் சட்டை அளவுகள். தோள், மார்பு, கை நீளம், கழுத்து இறக்கம், யாருக்கு முன்கொக்கி, யாருக்குப் பின்கொக்கி என்று எட்டு வருடமாகப் போனின் குறிப்புச் செயலியில் எழுதி வைத்திருந்தார். அந்தச் செயலி போனோடு வந்தது. கூகுளோடு இணைந்ததே இல்லை.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அக்கா மீதல்ல, பையன் மீதும் அல்ல. "எது வந்தாலும் ரீசெட் அடி, சரியாகிவிடும்" என்று ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கும் அந்த வைத்தியத்தின் மீது. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை இந்த ஒரே மருந்துதான். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கு உங்கள் போனுக்குள் இல்லை. அது கூகுளின் கணினிகளில் இருக்கிறது. போன் அதைப் பார்க்கும் ஒரு சன்னல் மட்டும். கடவுச்சொல் மாறியது, இடம் நிரம்பியது, கடவுச்சொல் மறந்தால் குறியீடு வரும் மீட்பு இலக்கம் காலாவதியானது, யாரோ நுழைய முயன்றதால் கணக்கு உசாராகியது - இவை எல்லாம் அந்தப் பக்கத்துக் காரியங்கள். போனை அழித்தால் அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட மாறாது. வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று சொன்னால் வீட்டுக்கு வந்து அலுமாரியை எரிப்போமா? ரீசெட் அதைத்தான் செய்கிறது. வங்கியில் இருப்பது அப்படியே இருக்கும். அலுமாரிக்குள் மட்டும் இருந்த ஒரே பிரதிதான் சாம்பலாகும்.

சாம்பல் என்று சும்மா சொல்லவில்லை. "ஏதாவது சொப்ட்வெயார் போட்டு எடுத்துத் தாருங்கள்" என்று கேட்காத ஆள் இல்லை. பத்து வருடத்துக்கு முந்திய போன்களில் சிலவேளை ஏதாவது தேறும். இன்றைய போன்கள் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி வைக்கின்றன. ரீசெட் செய்யும்போது அதைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். சாவி போனபின் உள்ளே கிடப்பது அர்த்தமற்ற எழுத்துக் குவியல். இருபதாயிரம் ரூபாய் தந்தால் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உங்கள் பணமும் போகப்போகிறது.

இன்னொன்று, ரீசெட் செய்தவுடன் போன் உங்களையே திருடனாகப் பார்க்கும். 2015இல் அன்ட்ரொய்ட் 5.1 பதிப்போடு வந்த பாதுகாப்பு அது. பொத்தான்களை அழுத்தி அழிக்கப்பட்ட போன், முன்பிருந்த கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ காட்டாமல் திறக்காது. திருட்டுப் போன்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. அதில் அதிகம் மாட்டுவது சொந்தக்காரர்கள்தான். பூட்டை உடைத்துத் தரச் சொல்லிப் பலர் வருகிறார்கள். வாங்கிய பற்றுச்சீட்டும் பெட்டியும் இல்லாமல் அந்தப் போனை நான் தொடுவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, போகட்டும். ஆரையம்பதி அக்காவிடம் பெட்டி இருந்தது, மகளும் இருந்தார். ஆனால் பதற்றத்தில் மகள் கடவுச்சொல்லை இரண்டாம் முறை மாற்றிவிட்டதால், ரீசெட் செய்த போன் புதியதை ஏற்க 24 மணித்தியாலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த விடயத்தில் என் தொழில்காரர்களையும் சேர்த்துத்தான் கண்டிக்க வேண்டும். புதுப் போன் வாங்குகிறீர்கள். கடையில் ஒரு பையன் அவசரமாக ஒரு ஜிமெயில் உருவாக்குகிறான். பெயர் அவன் வைத்தது, கடவுச்சொல் அவன் வைத்தது, மீட்பு இலக்கம் சிலவேளை கடையுடையது. நீங்கள் வீட்டுக்குப் போய் மூன்று வருடம் அதில் பிள்ளைகளின் படங்களைச் சேர்க்கிறீர்கள். ஒருநாள் கடவுச்சொல் கேட்கும். "நான் தினமும் 1234 போட்டுத்தானே திறக்கிறேன்" என்பீர்கள். ஐயா, அது திரைப்பூட்டு. வீட்டு வாசற் பூட்டு. கணக்கின் கடவுச்சொல் வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்களில் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அலுவலர்களும் இருக்கிறார்கள். கடையில் உருவாக்கும்போது உங்கள் கையாலேயே தட்டச்சு செய்யுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வெளியே வந்து பக்கத்துக் கடையில் வாங்குங்கள்.

சரி, அறிவித்தல் வந்துவிட்டது. சிங்க் என்று எல்லோரும் சொல்லும் ஒத்திசைவு நின்றுவிட்டது. என்ன செய்வது?

முதலில் அது என்ன சொல்கிறது என்று வாசியுங்கள். ஆங்கிலம் என்றால் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கடவுச்சொல்தான் கேட்கிறது என்றால் கதை அங்கேயே முடிந்தது. மற்றபடி, என் மேசைக்கு வரும் போனில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அதே கணக்கு வேறொரு போனிலோ கணினியிலோ உலாவி வழியாகத் திறக்கிறதா? திறந்தால் கோளாறு போனில். திறக்காவிட்டால் கோளாறு கணக்கில். இதைப் பார்க்காமல் போனைக் கிண்டுவது இருட்டில் தேடுவது மாதிரி.

போனில் என்றால் பெரும்பாலும் சில்லறைக் காரணம். திகதியும் நேரமும் சரியா? மாரி வெள்ளத்தில் மின்சாரம் போய், பற்றரி முழுக்க இறங்கி நாட்கணக்கில் கிடந்த போன்கள் பழைய திகதியோடு எழும்பும். திகதி பிழையென்றால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், எந்தக் கணக்கும் திறக்காது. நேரத்தைத் தானியங்கியாக விட்டுவிடுங்கள். பற்றரி சேமிப்பும் டேட்டா சேமிப்பும் பின்னணி வேலைகளை நிறுத்திவைக்கும், அணைத்துப் பாருங்கள். கணக்குப் பகுதியில் தானியங்கி ஒத்திசைவு அணைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். கூகுள் பிளே சேவைகளின் கேஷை, அதாவது தற்காலிகமாகச் சேர்த்துவைத்த கோப்புகளை, அழிக்கலாம், அதில் ஆபத்தில்லை. ஆனால் கேஷுக்குப் பக்கத்தில் தரவை அழிக்கும் பொத்தானும் இருக்கும். தொடர்புகளைச் சேமிக்கும் பகுதியில் அதை அழுத்தினால் போனில் மட்டும் இருந்த இலக்கங்கள் அத்தனையும் போய்விடும். இரண்டு பொத்தான்களுக்கு இடையில் விரலளவு தூரம்தான், தயவுசெய்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அழுத்துங்கள். கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பது கடைசி வழி. கடவுச்சொல் உறுதியாகத் தெரிந்தால் மட்டும், இன்னும் கூகுளுக்குப் போகாத இலக்கங்களும் படங்களும் எவை என்று பார்த்த பின்பு மட்டும்.

கணக்கில் என்றால் இடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட். மின்னஞ்சல், படங்கள், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் வரை குறைந்த தரத்தில் எத்தனை படமும் ஏற்றலாம் என்றிருந்தது, இப்போது இல்லை. அன்ட்ரொய்ட் போன்களில் வட்ஸ்அப் காப்புப்பிரதியும் இப்போது இதே கணக்கில்தான் சேர்கிறது. காலை வணக்கம் சொல்லும் வீடியோக்களால் நிரம்பிய கணக்கில் பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்கு இடமிருக்காது. நிரம்பினால் படங்கள் ஏறாது, மின்னஞ்சல் வராது. பெரிய வீடியோக்களைத் தேடி அழித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஐபோன்காரர்களுக்கு இடம் இன்னும் குறைவு, 5 ஜிகாபைட். பழைய ஐபோன் வாங்குபவர்கள், விற்பவர் தன் கணக்கிலிருந்து வெளியேறியதைக் கண்ணால் காணாமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

மத்திய கிழக்கிலிருந்து திரும்பி வரும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மட்டக்களப்பு வாவியின் இருபுறமும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், எத்தனையோ பேர் +966, +974, +965 என்று தொடங்கும் இலக்கத்தை மீட்பு இலக்கமாக வைத்த கணக்கோடு வந்து இறங்குகிறார்கள். அங்கத்தைய சிம் செத்து மாதங்கள் ஆகியிருக்கும். சரிபார்ப்புக் குறியீடு அந்தச் செத்த இலக்கத்துக்குப் போகும். அல்லது அந்த இலக்கம் இப்போது வேறொருவர் கையில் இருக்கும். விமானம் ஏற முன்பே, பழைய சிம் வேலை செய்யும்போதே, வீட்டில் ஒருவரின் +94 இலக்கத்தையும் இன்னொரு மின்னஞ்சலையும் மீட்பு வழியாகச் சேருங்கள். இங்கே இருப்பவர்களுக்கும் இதுதான். ரீலோட் போடாமல் சிம்மைக் கிடப்பில் போட்டால் அதுவும் ஒருநாள் கைமாறும். இரண்டு வருடம் திறக்காத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது. பழைய கணக்கு இருந்தால் இடைக்கிடை திறந்து பாருங்கள்.

கடவுச்சொல்லை எழுதி வைக்கக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் எழுதச் சொல்கிறேன். அறுபது வயது அம்மாவின் கணக்குக்கு, கொப்பியில் எழுதிய கடவுச்சொல்லைவிட மறந்துபோன கடவுச்சொல் பெரிய ஆபத்து. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோர வீடுகள் பலவற்றில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் இருக்கும். அந்தப் பைக்குள் ஒரு தாளைச் சேருங்கள். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், மீட்பு இலக்கம் யாருடையது என்ற குறிப்பு. கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் கூகுள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளையும் எழுதுங்கள். எட்டு இலக்கக் குறியீடுகள், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும், பயன்படுத்தியதை வெட்டிவிடுங்கள்.

போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கும் சொல்ல வேண்டாம். கணக்கைச் சரிசெய்து தருகிறோம் என்று அழைப்பவர் யாராக இருந்தாலும் துண்டியுங்கள். கணக்கு மீட்புப் பக்கம் இலவசம், அதற்குக் கட்டணம் கேட்பவர் மோசடிக்காரர். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்து, வழக்கமான வீட்டு இணைப்பிலிருந்து முயன்றால்தான் அது உங்களை அடையாளம் காணும் வாய்ப்பு அதிகம். அந்தப் போனைத்தான் நீங்கள் முதல் வேலையாக அழிக்கிறீர்கள்.

கடைக்கு வருவதானால் போனை இருந்தபடியே கொண்டு வாருங்கள். சிம்மைக் கழற்ற வேண்டாம், ஒன்றையும் நீக்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுக்க வேண்டாம். பெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். கணக்கை உருவாக்கியது யார் என்று வீட்டில் கேட்டு வாருங்கள். அது கட்டாரில் இருக்கும் மகள் என்றால், அவர் வேலை முடிந்து அழைக்கும்வரை போனைத் தொடாமல் வையுங்கள். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் அங்கே மாலை ஆறரை.